வரைபலகையில் பிறந்த வானூர்தி

நுழையும்முன்

பறவை பறப்பதைப் பார்த்து வியந்த மனிதன் தானும் பறக்க விரும்பினான். விருப்பம் முயற்சியாயிற்று, முயற்சி அறிவியலாயிற்று. 1903 ஆம் ஆண்டு ரைட் உடன்பிறப்புகள் வானில் எழுந்த நேரம் சில நொடிகளே. அதன்பின் முப்பத்து மூன்று ஆண்டுகளில், மணிக்கு 500 கிலோமீட்டருக்கும் மிகுந்த விரைவுடன் பாயும் போர் வானூர்தி ஒன்று இங்கிலாந்தில் உருவாயிற்று. அதனை வடிவமைத்தவர் பல்கலைக்கழகப் படிப்பில்லாதவர். கொடிய நோயைத் தாங்கிக்கொண்டே அப்பணியைச் செய்தவர். தம் படைப்பு தன் கடமையை நிறைவேற்றியதைக் காணாமலே மறைந்தவர். அவர் ரெஜினால்டு ஜோசப் மிட்செல். அவரது வாழ்வையும், அவர் படைத்த ஸ்பிட்ஃபயர் வானூர்தியின் அமைப்பையும் பறக்கும் பண்புகளையும் இப்பாடம் விளக்குகிறது.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்து நாட்டின் ஸ்டாஃபோர்டுஷயர் மாவட்டத்தில் கிட்ஸ்குரோவ் என்னும் ஊரை அடுத்த பட்லேன் சிற்றூரில், 1895 ஆம் ஆண்டு மே 20 ஆம் நாள் மிட்செல் பிறந்தார். தந்தை ஹெர்பர்ட் மிட்செல் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து, பின்னர் அச்சுத் தொழிலில் ஈடுபட்டவர். தாயார் எலைசா. அவர்களுடைய ஐந்து பிள்ளைகளுள் ஒருவர் மிட்செல்.

மட்பாண்டத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஸ்டோக் நகர்ப்பகுதியில் அவரது இளமை கழிந்தது. சூளைகளின் புகை சூழ்ந்த அவ்வூர் வானத்தில் அந்நாளில் வானூர்தி எதுவும் பறக்கவில்லை. ஆயினும், ஹான்லி உயர்நிலைப் பள்ளியில் பயின்ற அச்சிறுவனின் கைகள் ஓய்வு நேரமெல்லாம் வானூர்தி மாதிரிகளைச் செய்து பறக்கவிட்டுக்கொண்டிருந்தன. ஒரு மாதிரி ஏன் நெடுந்தொலைவு மிதந்து சென்றது, மற்றொன்று ஏன் தலைகுப்புற விழுந்தது என்னும் வினாக்கள் அவர் மனத்தில் அப்போதே எழுந்தன.

பட்டறையே பள்ளி

பதினாறாம் வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்திய மிட்செல், 1911 ஆம் ஆண்டு ஃபென்டனில் இருந்த கெர் ஸ்டூவர்ட் தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளராகச் சேர்ந்தார். புகைவண்டி இயந்திரங்களைச் செய்யும் தொழிற்சாலை அது. உலோகத்தை வெட்டுதல், இழைத்தல், துளையிடுதல், பொருத்துதல் ஆகிய வேலைகளை அங்குக் கையெல்லாம் எண்ணெய்க் கறை படியக் கற்றார். பின்னர் அத்தொழிற்சாலையின் வரைபடப் பிரிவுக்கு மாறினார்.

பகலில் பட்டறை, இரவில் பாடம் என்பதே அவரது வாழ்க்கை முறையாயிற்று. மாலைநேரக் கல்லூரியில் பொறியியல் வரைபடம், உயர்கணிதம், இயந்திரவியல் ஆகியவற்றைப் பயின்றார். வீட்டிலும் ஒரு கடைசல் எந்திரத்தை வைத்துக்கொண்டு கருவிகளைச் செய்துபார்த்தார். தாளில் ஒரு கோடு வரையும்போதே, அக்கோட்டை உலோகத்தில் கொண்டுவருவதற்கு ஒரு தொழிலாளி என்ன பாடுபட வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். பிற்காலத்தில் அவரைச் சிறந்த வடிவமைப்பாளராக்கியது, ஏட்டறிவும் கையறிவும் ஒருங்கே வாய்த்த இந்த அடித்தளமேயாகும்.

சூப்பர்மெரினில் உயர்வு

1917 ஆம் ஆண்டு, தென் இங்கிலாந்தின் துறைமுக நகரான சவுத்தாம்ப்டனில் இயங்கிய சூப்பர்மெரின் நிறுவனத்தில் மிட்செல் பணியில் சேர்ந்தார். நீரிலிருந்து எழுந்து, மீண்டும் நீரிலேயே இறங்கும் பறக்கும் படகுகளை அந்நிறுவனம் செய்துவந்தது. அடுத்த ஆண்டு, பள்ளித் தலைமையாசிரியையான ஃபிளாரன்ஸ் டேசனை மணந்தார். அவர்களுக்கு 1920 இல் கோர்டன் என்னும் மகன் பிறந்தான்.

பணியில் அவரது உயர்வு விரைவானது. 1919 இல் தலைமை வடிவமைப்பாளர், 1920 இல் தலைமைப் பொறியாளர், 1927 இல் தொழில்நுட்ப இயக்குநர் எனப் படிப்படியாக முன்னேறினார். தலைமை வடிவமைப்பாளரானபோது அவருக்கு வயது இருபத்து நான்கு. 1928 இல் விக்கர்ஸ் நிறுவனம் சூப்பர்மெரினை விலைக்கு வாங்கியது. மிட்செல் ஐந்தாண்டுகள் அங்கேயே பணியாற்ற வேண்டும் என்பது அவ்விற்பனையின் நிபந்தனைகளுள் ஒன்று. கட்டடங்களையும் எந்திரங்களையும் போலவே ஒரு மனிதரின் மூளையும் நிறுவனத்தின் சொத்தாக மதிக்கப்பட்டதற்கு இது சான்றாகும்.

மிட்செல் கூச்ச இயல்பினர். பேச்சில் சிறிது திக்கலும் உண்டு. மேடைப் பேச்சை அவர் விரும்பியதில்லை. வரைபலகையின் முன் அமர்ந்து சிந்தனையில் ஆழ்ந்திருக்கும்போது யாரேனும் குறுக்கிட்டால் சினம் கொள்வார். ஆனால், ஒரு சிக்கலைத் தீர்க்கும்போது இளைய பொறியாளர்களையும் அருகில் அழைத்து, அவர்கள் கூறுவனவற்றைப் பொறுமையாகக் கேட்டபின்னரே முடிவெடுப்பார்.

கடல்மீது ஒரு பந்தயம்

பிரான்சு நாட்டைச் சேர்ந்த ழாக் ஷ்னைடர் என்பவர் கடல் வானூர்திகளுக்கான பந்தயம் ஒன்றை ஏற்படுத்தியிருந்தார். குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் மூன்று முறை வெல்லும் நாடு ஷ்னைடர் கோப்பையை நிலையாகத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். இத்தாலி அந்நிலையை நெருங்கியிருந்த 1922 இல், நேப்பிள்ஸ் நகரில் நடந்த போட்டியில் மிட்செலின் சீ லயன் பறக்கும் படகு வென்று அவ்வாய்ப்பைத் தடுத்தது.

1925 ஆம் ஆண்டுப் போட்டிக்காக அவர் எஸ் 4 என்னும் ஊர்தியை வடிவமைத்தார். அக்கால வானூர்திகள் பெரும்பாலும் இரண்டடுக்கு இறக்கைகளும், அவற்றைப் பிணைக்கும் கம்பிகளும் கால்களும் கொண்டவை. ஒவ்வொரு கம்பியும் காற்றைத் தடுத்து விரைவைக் குறைக்கும். எஸ் 4 ஊர்தியிலோ ஓரடுக்கு இறக்கை மட்டுமே இருந்தது. அதனைத் தாங்கக் கம்பியோ கட்டையோ இல்லை. பார்ப்பதற்கு அழகும் பறப்பதில் விரைவும் உடையதாக இருந்த அவ்வூர்தி, அமெரிக்காவின் பால்டிமோரில் போட்டிக்கு முந்தைய பறப்பின்போது நீரில் விழுந்து நொறுங்கியது. விமானி ஹென்றி பியார்டு உயிர் தப்பினார். விரைவு மிகும்போது மெல்லிய இறக்கை நடுங்கத் தொடங்கியதே விபத்துக்குக் காரணமாக இருக்கலாம் எனக் கருதப்பட்டது.

மிட்செல் இத்தோல்வியால் சோர்ந்துவிடவில்லை; தம் கருத்தையே பிடிவாதமாகப் பற்றிக்கொள்ளவும் இல்லை. அடுத்து வடிவமைத்த எஸ் 5 ஊர்தியில், இறக்கையை உறுதிப்படுத்தும் கம்பிகளை மீண்டும் சேர்த்தார். அதே வேளையில், உடற்பகுதியின் அகலத்தைக் குறைத்தார். இயந்திரத்தைக் குளிர்விக்கும் தட்டுகளை இறக்கையின் பரப்போடு பரப்பாகப் பதித்துக் காற்றுத் தடையைக் குறைத்தார். 1927 இல் வெனிஸ் நகரில் எஸ் 5 மணிக்கு ஏறத்தாழ 453 கிலோமீட்டர் சராசரி விரைவில் பறந்து வென்றது.

வெற்றியின் நிழலில் துயரமும் இருந்தது. 1928 மார்ச் மாதம், உலக விரைவுச் சாதனைக்கு முயன்ற கின்கெட் என்னும் விமானி எஸ் 5 ஊர்தியோடு கடலில் வீழ்ந்து உயிரிழந்தார். வரைபடத்தில் நேரும் சிறு பிழைக்கும் விலையாக ஒரு மனித உயிர் போகக்கூடும் என்பதை மிட்செல் எந்நாளும் மறந்ததில்லை. அவரது ஊர்திகளின் சோதனைப் பறப்புகள் நடக்கும்போது, இயன்றவரை அவரும் களத்திற்குச் சென்று காத்திருப்பார்.

1929 இல் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் ஆற்றல் மிக்க ஆர் வகை இயந்திரத்தைப் பொருத்திய எஸ் 6 வென்றது. 1931 இல் அரசு நிதியுதவி அளிக்கத் தயங்கியபோது, ஹூஸ்டன் சீமாட்டி ஒரு இலட்சம் பவுன் கொடை அளித்தார். அவ்வாண்டு பிற நாடுகள் களத்திற்கு வராத நிலையில், எஸ் 6 பி தனியே பறந்து கோப்பையை இங்கிலாந்துக்கு நிலையாக்கியது. செப்டம்பர் 29 ஆம் நாள் அதே வகை ஊர்தி மணிக்கு 655 கிலோமீட்டர் விரைவைத் தாண்டி உலகச் சாதனை படைத்தது.

தோல்வி தந்த தெளிவு

பந்தய ஊர்தி வேறு. போர் வானூர்தி வேறு. முன்னதற்கு விரைவு ஒன்றே குறிக்கோள். பின்னதோ விரைவாகப் பறக்க வேண்டும். விரைவாக மேலேற வேண்டும். சட்டெனத் திரும்ப வேண்டும். துப்பாக்கிகளைச் சுமக்க வேண்டும். சிறிய புல்வெளியிலும் இறங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சாதாரணப் பயிற்சி பெற்ற இளைஞரும் செலுத்தத் தக்கதாக இருக்க வேண்டும்.

பிரிட்டன் வான்படை அமைச்சகம் புதிய போர் வானூர்தி ஒன்றைக் கேட்டபோது, மிட்செல் 224 என்னும் எண்ணுடைய ஊர்தியை வடிவமைத்தார். அதன் இறக்கை தடித்தது. சக்கரங்கள் மடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் கொதித்து ஆவியாகி, இறக்கையின் முன்விளிம்பில் குளிர்ந்து, மீண்டும் நீராக வேண்டும் என்பது அதன் குளிர்விப்பு முறை. அம்முறை நம்பத்தக்கதாக இல்லை. 1934 பிப்ரவரியில் பறந்த அவ்வூர்தி மணிக்கு 370 கிலோமீட்டரைக்கூட எட்டவில்லை. உலக விரைவுச் சாதனையாளரின் ஊர்தி போட்டியில் தோற்றது. பழைய முறையிலான இரண்டடுக்கு இறக்கை ஊர்தி ஒன்று தேர்வு பெற்றது.

அமைச்சகம் கேட்டவற்றையெல்லாம் அப்படியே நிறைவேற்ற முயன்றதில், தம் பந்தய ஊர்திகள் கற்பித்த பாடங்களை முழுமையாகப் பயன்படுத்தவில்லை என்பதை மிட்செல் உணர்ந்தார். 224 பறப்பதற்கு முன்பே அதன் குறைகளை அறிந்து, முற்றிலும் புதியதொரு வடிவத்தைச் சிந்திக்கத் தொடங்கியிருந்தார்.

நோயும் நெஞ்சுரமும்

இக்காலத்தில்தான் பேரிடி ஒன்று விழுந்தது. 1933 ஆகஸ்டு மாதம் மிட்செலுக்குக் குடற்புற்று நோய் இருப்பது கண்டறியப்பட்டது. பெரிய அறுவை மருத்துவம் நடந்தது. அதன் விளைவாக, வாழ்நாள் முழுவதும் உடல் வேதனையோடும் இடர்ப்பாட்டோடும் வாழவேண்டிய நிலை ஏற்பட்டது. நோய் மீண்டும் தலைதூக்கக்கூடும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு.

பணியை விட்டு ஓய்வெடுத்திருந்தால் யாரும் குறைகூறியிருக்க மாட்டார்கள். ஆனால், ஜெர்மனியில் இட்லர் ஆட்சியைக் கைப்பற்றிய ஆண்டு அது. தம் நாட்டுக்கு வலிமையான போர் வானூர்தி விரைவில் தேவைப்படும் என மிட்செல் கருதினார். உடல் ஓரளவு தேறியதும் வரைபலகைக்குத் திரும்பினார். தம் உடல்நிலையைப் பற்றி உடன்பணியாற்றியோரிடம் பெரும்பாலும் பேசவில்லை. அதுமட்டுமன்று, வானூர்தி செலுத்தவும் கற்றுக்கொண்டு 1934 சூலையில் விமானி உரிமம் பெற்றார்.

நீள்வட்ட இறக்கை

புதிய ஊர்திக்கு 300 என்னும் எண் இடப்பட்டது. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் உருவாக்கிய, பின்னாளில் மெர்லின் என்று பெயர்பெற்ற பன்னிரண்டு உருளை இயந்திரத்தை அதற்கெனத் தேர்ந்தெடுத்தார். ஏறத்தாழ ஆயிரம் குதிரைத்திறன் கொண்ட அவ்வியந்திரத்தைச் சுற்றி, இயன்றவரை மெலிந்த உடற்பகுதி அமைக்கப்பட்டது. அது டியூரலுமின் என்னும் அலுமினியக் கலவைத் தகடுகளால் ஆனது. முட்டையோடு போல, வெளித்தகடே சுமையைத் தாங்கும் உறுப்பாகவும் விளங்கியது.

ஸ்பிட்ஃபயரின் தனிச்சிறப்பு அதன் இறக்கையாகும். அது மேலிருந்து பார்க்கும்போது நீள்வட்டமாகத் தோன்றும். வெறும் அழகுக்காக அவ்வடிவம் அமையவில்லை. இறக்கை மெலிந்தால் காற்றுத் தடை குறையும், விரைவு கூடும். ஆனால், மடங்கும் சக்கரங்களும் எட்டுத் துப்பாக்கிகளும் குண்டுப் பெட்டிகளும் அவ்விறக்கைக்குள்ளேயே அடங்கவேண்டும். மெலிவும் வேண்டும், இடமும் வேண்டும். ஒன்றோடொன்று முரண்படும் இவ்விரு தேவைகளையும் நீள்வட்டம் நிறைவு செய்தது. இறக்கை உடலோடு சேருமிடத்தில் மட்டுமன்றி, நடுப்பகுதியிலும் அகலம் குறையாமல் நீண்டு, நுனிக்கு அருகில் மட்டும் விரைந்து குறுகுவதால் அதனுள் இடம் கிடைத்தது. மேலும், இறக்கையின் நுனியில் எழும் காற்றுச் சுழலால் உண்டாகும் இழுவிசையும் இவ்வடிவத்தில் மிகக் குறைவு.

கனடா நாட்டைச் சேர்ந்த காற்றியக்கவியல் அறிஞர் பெவர்லி ஷென்ஸ்டோன் இறக்கையின் வடிவக் கணக்கில் பெரும்பங்கு ஆற்றினார். தலைமை வரைபடக் கலைஞர் ஜோசப் ஸ்மித் உள்ளிட்ட பலரும் இரவுபகலாக உழைத்தனர். வல்லுநர்கள் கூறியவற்றை எடைபோட்டு, இறுதி முடிவுக்குப் பொறுப்பேற்றவர் மிட்செல். குளிர்விப்பு முறையிலும் பழைய தவறு நேரவில்லை. வலப்புற இறக்கையின் அடியில் ரேடியேட்டர் ஒன்று குழாய் போன்ற கூட்டுக்குள் வைக்கப்பட்டது. அதனுள் நுழையும் காற்று சூடேறி விரிந்து பின்புறம் வெளியேறும்போது, தடையின் ஒரு பகுதியை ஈடுசெய்யும் உந்துதலையும் தந்தது.

முதற்பறப்பு

1936 ஆம் ஆண்டு மார்ச் 5 ஆம் நாள் ஈஸ்ட்லீ வானூர்தித் தளத்தில் முன்மாதிரி ஊர்தி முதன்முறையாக எழுந்தது. செலுத்தியவர் விக்கர்ஸ் நிறுவனத்தின் தலைமைச் சோதனை விமானி ஜோசப் சம்மர்ஸ். மிட்செல் தரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சில நிமிடங்களே நீடித்த அப்பறப்பு இனிதே முடிந்தது. இறங்கியதும் எதையும் மாற்ற வேண்டாமென்று சம்மர்ஸ் கேட்டுக்கொண்டார். ஊர்தியில் குறையே இல்லை என்று அவர் கூறியதாகப் பின்னாளில் கதை பரவியது. அடுத்த பறப்பு வரை எதையும் தொடாமல் அப்படியே வைத்திருங்கள் என்பதே அவர் கருதிய பொருள்.

உண்மையில் குறைகள் இருந்தன. சுக்கான் அளவுக்கு மீறி எளிதில் அசைந்தது, அதனைத் திருத்தினர். எதிர்பார்த்த விரைவும் கிட்டவில்லை. மணிக்கு 540 கிலோமீட்டர் அளவிலேயே ஊர்தி நின்றது. சுழல்விசிறியின் நுனிகள் ஒலியின் விரைவை நெருங்கும்போது ஆற்றல் வீணாவதை ஆய்ந்து, புதிய விசிறி ஒன்றைப் பொருத்தினர். விரைவு மணிக்கு 560 கிலோமீட்டராக உயர்ந்தது.

சோதனைக் காலத்தில் நிகழ்ந்த எளிய ஆய்வு ஒன்று குறிப்பிடத்தக்கது. தகடுகளை இணைக்கும் தறையாணிகளின் தலை, பரப்போடு சமமாக அமைந்தால் காற்றுத் தடை குறையும்; ஆனால் செலவும் நேரமும் மிகும். எந்தெந்த இடங்களில் சமத்தலை ஆணி இன்றியமையாதது என்பதை எப்படி அறிவது? பொறியாளர்கள் உடைத்த பட்டாணிப் பருப்புகளை ஆணித் தலைகளின்மேல் ஒட்டிப் பறக்கவிட்டனர். விரைவு வெகுவாகக் குறைந்தது. பின்னர் வரிசை வரிசையாகப் பருப்புகளை அகற்றி, ஒவ்வொரு முறையும் விரைவை அளந்து விடை கண்டனர். சமையலறைப் பொருளும் ஆய்வுக் கருவியாகும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

பறக்கும் பண்புகள்

1936 மே மாத இறுதியில் வான்படையினர் ஊர்தியைச் சோதித்தனர். அவர்கள் சார்பில் முதலில் பறந்தவர் ஹம்ப்ரி எட்வர்ட்ஸ் ஜோன்ஸ். அமைச்சகம் அவரிடம் அறிய விரும்பியது ஒன்றே. இவ்வளவு விரைவான ஊர்தியைச் சாதாரண விமானிகளால் கையாள முடியுமா என்பதே அது. முடியும் என்று அவர் உறுதியளித்தார். சக்கரங்கள் இறங்கிவிட்டனவா என்பதை உணர்த்தும் கருவி தேவை என்பதையும் அவர் எடுத்துரைத்தார். ஏனெனில், மடங்கும் சக்கரத்துக்குப் பழக்கப்படாத அவரே இறங்கும்போது சக்கரங்களை இறக்க மறந்து, இறுதி நேரத்தில் நினைவு வந்து தப்பியிருந்தார். அதற்கடுத்த வாரம், சூன் 3 ஆம் நாள், 310 ஊர்திகளுக்கு அரசு ஆணை வழங்கியது.

அந்த விடையின் பின்னணியில் இறக்கையின் நுட்பம் ஒன்று இருந்தது. வானூர்தி கூர்மையாகத் திரும்பும்போதோ, விரைவு மிகக் குறையும்போதோ, இறக்கையின் மேற்பரப்பில் ஒட்டியோடும் காற்று விலகிவிடும். அப்போது ஏற்றவிசை இழந்து ஊர்தி விழத் தொடங்கும். முன்னறிவிப்பின்றி இது நேருமானால் விமானி உயிரிழப்பார். ஸ்பிட்ஃபயரின் இறக்கை அடியிலிருந்து நுனிக்குச் செல்லச்செல்ல இரண்டரைப் பாகை அளவு முறுக்கப்பட்டிருந்தது. அதனால், காற்று முதலில் உடலை ஒட்டிய பகுதியில் விலகும். நுனிப்பகுதி இன்னும் ஏற்றவிசையோடு இருக்கும். விலகிய காற்று மோதுவதால் ஊர்தி அதிரும். அவ்வதிர்வே விமானிக்கு எச்சரிக்கை. எல்லைக்கோட்டை ஊர்தியே கூறிவிடுவதால், புதிய விமானியும் அச்சமின்றி அக்கோடு வரை சென்று இறுகத் திரும்ப முடிந்தது. செலுத்துகோலைச் சிறிது அசைத்தாலும் உடனே பணிந்து திரும்பும் இயல்பும் அதற்கு உண்டு.

குறைகளையும் கூறுதல் முறையே. நீண்ட முகப்பு மறைப்பதால் தரையில் ஓடும்போது எதிரே இருப்பது தெரியாது; விமானி பாம்புபோல் வளைந்து வளைந்து செலுத்த வேண்டும். சக்கரங்களுக்கு இடைவெளி குறைவு. தொடக்கத்தில் சக்கரங்களை வலக்கையால் எக்கி மடக்க வேண்டியிருந்ததால், இடக்கையிலிருந்த செலுத்துகோலும் உடன் அசைந்து ஊர்தி வானில் மேலும் கீழும் துள்ளும். இறக்கையின் பின்விளிம்பில் பக்கவாட்டுச் சாய்வைக் கட்டுப்படுத்தும் மடல்கள் துணியால் போர்த்தப்பட்டிருந்தன. மிகு விரைவில் அவை இறுகி அசைய மறுத்தன. பின்னர் உலோகத் தகடு போர்த்தியபோது இக்குறை நீங்கியது. ஊர்தியின் முகப்பைத் திடீரெனக் கீழே அழுத்தினால், கார்புரேட்டரில் எரிபொருள் ஓட்டம் தடைப்பட்டு இயந்திரம் ஒரு கணம் திணறியது. ஜெர்மானிய ஊர்திகளுக்கு இச்சிக்கல் இல்லை. 1941 இல் பீட்ரிஸ் ஷில்லிங் என்னும் பெண் பொறியாளர், நடுவில் துளையுள்ள சிறு உலோக வளையம் ஒன்றைப் பொருத்தி இக்குறையைப் பெரிதும் போக்கினார்.

மறைவு

ஆணை கிடைத்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1936 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நோய் மீண்டும் தலைதூக்கியது. அந்நிலையிலும் மிட்செல், நான்கு இயந்திரங்கள் கொண்ட குண்டுவீச்சு வானூர்தி ஒன்றின் வடிவமைப்பில் ஈடுபட்டிருந்தார். வேலை முடிந்தும் முடியாமலும் ஈஸ்ட்லீ தளத்துக்குக் காரில் வந்து, முன்மாதிரி வானில் வட்டமிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். 1937 தொடக்கத்தில் பணியை விடவேண்டியதாயிற்று. மருத்துவத்துக்காக வியன்னா நகருக்குச் சென்றும் பயனில்லாமல் வீடு திரும்பினார். 1937 சூன் 11 ஆம் நாள், நாற்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். அவர் கண்ட ஸ்பிட்ஃபயர் ஒன்றே ஒன்றுதான். அது அந்த முன்மாதிரி.

அவர் விட்ட பணியை ஜோசப் ஸ்மித் ஏற்றார். நீள்வட்ட இறக்கையைத் தொழிற்சாலையில் பெருமளவில் செய்வது கடினமாக இருந்ததால் உற்பத்தி தாமதமாயிற்று. 1938 ஆகஸ்டில்தான் முதல் ஊர்தி வான்படையைச் சென்றடைந்தது. 1940 கோடையில் ஜெர்மானிய வான்படை இங்கிலாந்தைத் தாக்கியபோது, ஸ்பிட்ஃபயரும் ஹரிக்கேனும் எதிர்நின்றன. எண்ணிக்கையில் மிகுந்தும், வீழ்த்திய பகை ஊர்திகளில் முந்தியும் நின்றது சிட்னி கேம் வடிவமைத்த ஹரிக்கேனே. ஆயினும், உயரத்தில் காவலாகப் பறந்த ஜெர்மானியப் போர் வானூர்திகளுக்கு ஈடுகொடுத்தது ஸ்பிட்ஃபயர். அவ்வாண்டு ஸ்பிட்ஃபயரில் பறந்து போரிட்ட 234 ஆம் படைப்பிரிவு, சென்னை மாகாணத்தின் போர்க்கொடையை நினைவுகூரும் வகையில் அம்மாகாணத்தின் பெயரைத் தாங்கியது. போரின் பிற்பகுதியில் இந்திய வான்படையும் ஸ்பிட்ஃபயரைப் பயன்படுத்தியது.

1940 செப்டம்பரில் சவுத்தாம்ப்டன் தொழிற்சாலை குண்டுவீச்சில் அழிந்தது. மிட்செல் இறுதியாக வடிவமைத்த குண்டுவீச்சு வானூர்தியின் முன்மாதிரிகளும் உடன் அழிந்தன. ஸ்பிட்ஃபயர் உற்பத்தியோ பல சிறு பட்டறைகளுக்குப் பரவித் தொடர்ந்தது. இயந்திர ஆற்றல் இருமடங்கானபோதும், மணிக்கு 700 கிலோமீட்டரைக் கடந்தபோதும் அவரது அடிப்படை வடிவம் ஈடுகொடுத்தது. மொத்தம் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர்கள் செய்யப்பட்டன.

நிறைவாக

மிட்செல் படைத்தவை போர்க்கருவிகள் மட்டும் அல்ல. அவர் வடிவமைத்த வால்ரஸ் என்னும் பறக்கும் படகு, தோற்றத்தில் எளியது, விரைவில் குறைந்தது. ஆனால், போர்க்காலத்தில் ஊர்தி வீழ்ந்து கடலில் தத்தளித்த விமானிகளை அவ்வூர்தி நீரில் இறங்கி மீட்டது. ஒரே கை வரைந்த இரு ஊர்திகளுள் ஒன்று வானில் போரிட்டது. மற்றொன்று கடலில் உயிர் காத்தது.

எஸ் 4 வீழ்ந்தபோது அவர் தம் பிழையைத் தேடினார். 224 தோற்றபோது அதனை மூடிமறைக்காமல் புதிதாகத் தொடங்கினார். நாள்கள் எண்ணப்படுவதை அறிந்தபின்னும், தாம் பறக்கப்போகாத ஊர்தியில் பறக்கப்போகும் இளைஞர்களின் உயிரை எண்ணிக் கோடுகளைத் திருத்தினார். ஏற்றவிசை இழக்கும் முன் ஊர்தி தரும் அந்தச் சிறு அதிர்வால் உயிர்பிழைத்த விமானிகள் பலர். அவர்களுள் பெரும்பாலோர் அவரை நேரில் கண்டதில்லை.